கொட்டகையின் காது

கோழிக் கொட்டகையின் கூரையில் தொங்கிய கருவிக்கு வேலை ஒன்றுதான்: காது கொடுத்துக் கேட்பது. ஒரு கோழி இருமினால் போதும், நோய் என்று கதவுகள் பூட்டிக்கொள்ளும். சுகாதாரத் துறையினர் வந்து, அக்கம்பக்கத்துப் பண்ணைக் கோழிகளையும் சேர்த்துக் குழியில் தள்ளி மூடிவிடுவார்கள். வீட்டாரின் இருமலை மட்டும் அது அடையாளம் கண்டு தனியே ஒதுக்கிவிடும்.

காலையில் ரேணுகா தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோழி கழுத்தை நீட்டி இருமப் போனது. அது இருமிய அதே நொடியில் தானும் வாய்விட்டு இருமினாள். கருவியின் பச்சை விளக்கு மாறவில்லை.

அவளை வெளியே கூப்பிட்டான் கணவன் கதிர்வேல். "சொல்லிப்போடலாம் ரேணு. ஊர்ப் புள்ளைங்க திங்கற கறி."

"சொன்னா அந்தப் புள்ளைங்களுக்குக் கறி எங்கிருந்துங்க வரும்? வடக்கால பண்ணை எல்லாம் போன மாசமே குழிக்குப் போயிருச்சு. இது ஒண்ணே ஒண்ணுதானுங்க மிச்சம்."

அவள் பகல் முழுக்க அந்தக் கோழியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது இருமும்போதெல்லாம் இருமினாள்.

சாயங்காலம் சுகாதார வண்டி வந்தது.

"கோழிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் கவச உடையில் இருந்த பெண். "உங்களுக்குத்தான் இருமல் ஜாஸ்தியா இருக்குன்னு கருவி சொல்லுது. தனியா வெச்சுப் பாக்கோணும். ஏறுங்க."

வண்டிக் கதவு சாத்தப்படும் முன் ரேணுகா திரும்பிப் பார்த்தாள். கொட்டகை வாசலில் கதிர்வேல் நின்றிருந்தான். உள்ளே ஒரு கோழி கழுத்தை நீட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

கதிர்வேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உரக்க இருமினான்.