நீள ஜெபம்

"அப்பா கண்ணை மூடினதும் நான் கிளம்பிடுவேன்மா" என்றாள் மகள்.

"வாயைப் பாரு. ஜெபத்துக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று அம்மா அவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. ரயில் எட்டு மணிக்கு.

போரில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த எல்லையோர முகாமில் விஷக்காய்ச்சல். நர்சுகள் போதவில்லை என்று மிஷன் ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டிருந்தார்கள். நர்சு வேலையில் இருந்த மகள் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா ஒரேயடியாகக் கூடாது என்றுவிட்டார். அங்கே போன இரண்டு நர்சுகள் அதே காய்ச்சலில் செத்துப்போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெற்ற மனம் எப்படிச் சம்மதிக்கும்?

அப்போது மகள் கேட்ட கேள்விதான் வீட்டையே ஊமையாக்கியது.

"தினமும் 'கஷ்டப்படறவங்களுக்கு உதவ ஆள் அனுப்பும் ஆண்டவரே'ன்னு ஜெபிக்கிறீங்களேப்பா. அடுத்த வீட்டுப் பிள்ளையை மட்டும்தான் அனுப்பச் சொல்றீங்களா?"

அன்றிலிருந்து பதினெட்டு நாளாக அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது அம்மாதான். இருப்பது ஒரே பிள்ளை. போகாதே என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தோன்றியது. பிடித்து வைத்தால் பிள்ளை உள்ளுக்குள்ளேயே குமைந்துபோவாள் என்றும் தெரிந்தது. சண்டை போட்டுக்கொண்டு போவதைவிடச் சத்தமில்லாமல் போகட்டும் என்று கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஞாயிறு வகுப்பில் குழந்தைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெட்டி அடுக்கினாள்.

திட்டம் முழுக்க அப்பாவின் ஜெபத்தை நம்பித்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குச் சபையில் 'நீள ஜெபம்' என்றே பட்டப்பெயர். விருந்தில் அவரை ஜெபிக்கச் சொன்னால், பரிமாற நிற்கிற பெண்கள் திறந்த பாத்திரங்களைத் திரும்ப மூடிவிடுவார்கள். ஆதாமில் ஆரம்பித்து அடுத்த தெருவுக்கு வந்து சேரக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். அதுவரை இடியே விழுந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார்.

ஏழு மணிக்கு மூவரும் வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் கழித்து அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து ஜாடை காட்டினாள்.

மகள் எழுந்தாள். அப்பாவின் எதிரே சிறிது நேரம் நின்றாள். அவர் கையைத் தொடப் போனவள், தொடாமலே திரும்பினாள். பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுகிற மனிதர் ஆயிற்றே. அதனால் நான்கு மாடியும் படியில்தான் இறங்க வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

அப்பா நோயாளிகளுக்காக ஜெபித்தார். மருத்துவர்களுக்காக ஜெபித்தார். லிஃப்ட்டில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்காகவும் ஜெபித்தார். "வழியில் இருப்பவர்களுக்குத் துணையாக இரும்" என்ற இடத்தில் குரல் கம்மி, அப்படியே நின்றுவிட்டது. அம்மா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

இருபது நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அரசாங்கம், அண்டை வீட்டார், மேலதிகாரி, மேலதிகாரியின் மாமியார் என்று ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவுக்குக் கால் மரத்துவிட்டது. என்ன பொய் சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தால் ஒன்றும் கோர்வையாக வரவில்லை. இன்றைக்கென்று இந்த மனிதருக்கு வாய் ஓயவில்லையே என்று எரிச்சலும் வந்தது, ஓயாமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது.

கடைசியில் "ஆமென்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"அவளுக்குத் தலைவலின்னு..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"அவ்வளவு கனமான பெட்டியைப் படியிலயா இறக்கினா? லிஃப்ட்லயே போயிருக்கலாமே" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"போன வாரம் அவ பேரை அடிச்சிடுங்கன்னு சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒருத்தர் தன் ஒரே பையனை அனுப்ப வந்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னார். அவரைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாப் போச்சு. வீட்டார் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு, எந்த ரயில்னும் கேட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"நேர்ல நின்னு வழியனுப்பினா, போகாதேம்மான்னுதான் வாயில வரும். அதான் வண்டி கிளம்பற வரைக்கும் ஜெபத்தை நிறுத்தலை."