பவானி வாசகனின் நோக்கம்

வலைப்பதிவின் அடியில் எழுதியவரின் உண்மையான நோக்கமும் தானாகவே வந்து விழத் தொடங்கியதும், ஈரோட்டில் பாதிப் பேர் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். குமரேசன் விடவில்லை. ஆற்றில் சாயக்கழிவு கலப்பதைப் பற்றிக் கொதித்து எழுதினார். கீழே 'நோக்கம்: நாலு பேர் பாராட்ட வேண்டும்' என்று வந்தது. மைனாக்களைப் பற்றி எழுதினாலும் அதே வரிதான். முதலில் கூசியது. பிறகு, உண்மைதானே என்று பழகிவிட்டது.

ஆனால் நாலு பேர் எங்கே? தவறாமல் பாராட்டியவர் 'பவானி வாசகன்' ஒருவர்தான். காலையில் அவருடைய பின்னூட்டம் வரும்வரை குமரேசன் சாப்பிட எழ மாட்டார்.

இன்றுமுதல் பின்னூட்டங்களுக்கும் நோக்கம் விழும் என்று அறிவித்திருந்தார்கள். வழக்கம்போல் வந்தது: 'அருமை ஐயா! உங்கள் எழுத்துக்கு ஈடில்லை.' அதன் கீழே, 'நோக்கம்: தோசை ஆறுவதற்குள் இவர் எழுந்து வர வேண்டும்.'

குமரேசன் மறுபடியும் படித்தார். இருந்த ஒரு வாசகரும் போய்விட்டார்.

"ஏனுங்க, பின்னூட்டம் வந்துருச்சுங்களா? சாப்பிட வாங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி பூங்கோதை கூப்பிட்டாள்.

"வந்துருச்சு. பதில் போட்டுட்டு வந்தர்றேன்."

'நன்றி, பவானி வாசகரே! உங்களைப் போல ரசிகர் யாருக்கு வாய்க்கும்?' என்று சிரித்தபடி தட்டி அனுப்பினார். முதல்முறையாக வேறு வரி விழுந்தது.

'நோக்கம்: இன்னும் ஒரு தோசை.'