இருபது பெண், ஐந்து ஆண்

பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் அண்ணன் கத்தியால் சதுரமாக ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தான். மணி எட்டரை. பதினோரு மணிக்குள் அவன் கோர்ட்டில் போய் நிற்க வேண்டும்.

அப்பீல் தள்ளுபடியாகி நான்கு நாள் ஆகிறது. இரண்டு வருடம் ஜெயில் என்பது உறுதியாகிவிட்டது.

அந்த நான்கு நாளில் அவன் நண்பர்களைப் பார்க்கப் போகவில்லை. பிடித்ததைச் சமைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கரப்பான்பூச்சி வாங்கி வந்தான்.

எல்லாம் மேனேஜருக்காக. மேனேஜர் என்பது அவன் ஆறு வருடமாக வளர்க்கும் வெளிநாட்டு ஓணான். ஒரு முழ நீளம் இருக்கும், தாடைக்குக் கீழே முள்ளு முள்ளாகத் தாடி. நாள் முழுக்கக் கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை முறைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

அதற்கு இரை விற்கும் கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. கைக்குழந்தையோடு உன்னால் அங்கே அலைய முடியாது, இரை வீட்டிலேயே பெருகினால் தொல்லை இல்லை என்றான்.

எனக்குக் கரப்பானைக் கண்டாலே குலை நடுங்கும். அது அவனுக்கும் தெரியும். சின்ன வயதில் என் சட்டைக்குள் ஒன்றை விட்டுவிட்டு அப்பாவிடம் அடி வாங்கியவன் அவன்தான்.

வெட்டிய ஓட்டையில் கம்பிவலை வைத்து ஒட்டினான். முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கினான். படுக்க வைத்தால் எச்சம் அதிலேயே தங்கி நாறுமாம். டப்பாவின் அடியில் பாதிக்கு மட்டும் சூடு தரும் விரிப்பு. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் விழுந்து சாகும், கேரட் துண்டு போதும். இவை வழவழப்பான சுவரில் ஏறாது, நம் சமையலறையில் ஓடுகிற ஜாதி இல்லை என்று இரண்டு முறை சொன்னான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மண்டையில் ஏறியது பாதிதான்.

பிறகு பையைப் பிரித்தான். இருபது பெண், ஐந்து ஆண். இறக்கை உள்ளது ஆண், மொட்டையாக இருப்பது பெண். ஒவ்வொன்றாக உள்ளே விட்டான்.

கடைசி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.

கனமே இல்லை. கால்கள் மட்டும் குத்தின. கையை உதறவில்லை, கத்தவில்லை. இன்றைக்கு இந்த வீட்டில் கத்துகிற உரிமை எனக்கு இல்லை.

"மேனேஜர் எப்படி மொறைச்சாலும் சரி, அஞ்சு மாசத்துக்கு இதுலேருந்து ஒண்ணுகூட எடுக்காத. அவசரப்பட்டு எடுத்தா இதுங்க பெருகவே பெருகாது."

அதுவரைக்கும் கடைப் புழு ஆறு டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கிறதாம். அம்மா இனிமேல் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரிதான்.

செத்துப்போனவர் ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. மழையில் சாலையைக் கடந்தவர் எங்கள் காரில் அடிபட்டார். வழக்கு நடந்த ஒன்றரை வருடமும் அவர் மனைவி ஒரு விசாரணையைக்கூட விடவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வரிசையில் இருந்த என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

என் மகள் தத்தித் தத்தி நடந்து வந்து டப்பாவைத் தட்டினாள். வழக்கு தொடங்கியபோது அவள் என் வயிற்றில் மூன்று மாதம். அண்ணன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் திரும்பி வரும்போது இவள் வாய் ஓயாமல் பேசுவாள், யார் இந்த ஆள் என்று உன்னைத்தான் கேட்பாள் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"இன்னும் நேரம் இருக்கு அண்ணா" என்றேன்.

"எதுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் மூடியை அழுத்தி மூடினான். நான்கு பக்கமும் டக் டக்கென்று கொக்கிகள் விழுந்தன.

ஒன்பதரைக்கு வக்கீலின் கார் வந்தது. மேனேஜரின் தலையை ஒரு விரலால் தடவினான். செருப்பை மாட்டினான். அம்மாவின் தோளைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றான். போய்விட்டான்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை, எல்லாம் அழுது தீர்ந்திருந்தது. டப்பாவுக்குள் சருகு உரசுவதுபோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னைக்குக் கெளம்பும்போதே சொன்னேன், தூக்கக் கலக்கத்துல இருக்க, வண்டிய தங்கச்சிகிட்ட குடுடான்னு" என்றாள் அம்மா. "பெத்தவ பேச்சக் கேட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

கேட்டான். தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தான்.