பவானியின் கடைசி வசனம்

உத்தமபாளையம் கல்யாண மண்டபத்தில் மாற்று நாடக விழா நடக்கிறது. மேடையில் பவானி பிணமாகக் கிடக்கிறாள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதையில் உருண்டு தன் அக்கா செத்த கதையை ஒற்றை ஆளாக நடிக்கிறாள். இன்னும் ஒரு வசனம்தான் பாக்கி. பிணம் எழுந்து உட்கார்ந்து, ஜீப்பில் அத்தனை பேரையும் அடைத்து அனுப்பிய முதலாளியின் பெயரைச் சொல்லவேண்டும். அதற்குள் மண்டபத்து விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிகின்றன. "ஐயா வந்துட்டாக, நாடகத்த நிறுத்துங்கப்பா" என்று விழாக் குழு ராக்கப்பன் ஓடி வருகிறார். சிறப்பு விருந்தினர் எப்போது வந்தாலும் அப்போதே பொன்னாடை போர்த்தியாக வேண்டும். கதையில் யார் செத்தாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் சாகவேண்டும். வந்திருப்பவர் சுந்தரலிங்கம். மண்டபம் அவர் உபயம், ஒலிபெருக்கி அவர் உபயம், அந்த ஜீப்பும் அவருடையதுதான். புகைப்படக்காரர் குனிந்து, "லேசா தள்ளிப் படும்மா, ஐயா கால மறைக்கிற" என்கிறார். தன் தோளில் விழுந்த பொன்னாடையைச் சுந்தரலிங்கம் பெருந்தன்மையோடு எடுத்துப் பவானியின் மேல் கழுத்துவரை போர்த்துகிறார். கைதட்டல் கூரையைத் தொடுகிறது. முன்வரிசையில் அவள் அம்மா சங்கிலியம்மாள் பாதி எழுந்து, "சொல்லிரு ஆத்தா, பேரச் சொல்லிரு" என்கிறாள். பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை. பவானி முழங்கையை ஊன்றுகிறாள். சுந்தரலிங்கம் அவள் தோளை மெல்ல அழுத்தி, மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோய், "நல்லா நடிக்கிற தாயி, அப்பிடியே படுத்திரு" என்கிறார்.