ஒற்றைக்கண் ராஜாவின் ஒப்பந்தம்

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து ஆகலைன்னா, நீங்க பழையபடி காலேஜுக்கே போய் சாக்பீஸைப் பிடிக்கலாம், புரொபசர்!" என்று சீறினார் அமைச்சர்.

திட்டு வாங்கியவர் நாட்டின் தூதர். பதவிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு வாழ்நாள் முழுக்க வரலாற்றுப் பேராசிரியர். பழைய கால ஒப்பந்தங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பிரதமர் படித்தாராம், பிடித்துப்போய்விட்டதாம், தூக்கித் தூதராகப் போட்டுவிட்டார். ஆனால் அலுவலகத்தில் பியூன்கூட அவரைத் தூதர் என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் 'புரொபசர்'தான். மரியாதைக்காக இல்லை, கேலிக்காக.

இப்போதைய தலைவலி ஒரு தீவு. தீவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, நாலு மரம், மீதியெல்லாம் கொக்கு. இரண்டு நாட்டுப் படகுக்காரர்களும் தண்ணீர் பிடிக்க அங்கே ஒதுங்குவார்கள். இரண்டு நாட்டுக் காவல்படையும் மாற்றி மாற்றி அவர்களைப் பிடித்து உள்ளே போடும். இப்போது அவர்கள் வீட்டுப் பெண்கள் குழந்தை குட்டிகளோடு இரண்டு அமைச்சர்களின் வாசலிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணியைப் பொதுவா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டா பிரச்சினை முடிஞ்சுது சார்," என்றார் தூதர்.

"அது எனக்குத் தெரியாதா? முதல்ல நான் சொன்னா, விட்டுக்கொடுத்துட்டான்னு ஊரே காறித் துப்பும். அந்தாளும் சொல்ல மாட்டான், அவனுக்கும் அதே பயம். வழியைச் சொல்லுங்க, இல்லாட்டி மூட்டையைக் கட்டுங்க!"

தூதர் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கொஞ்சம் தெம்பாகத் தெரிந்தார்.

பேச்சுவார்த்தை தொடங்கியது. மேஜை நடுவே இரண்டு கொடிகள். ஒன்று மற்றதைவிட உயரமாகிவிடக் கூடாதென்று காலையிலேயே ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்திருந்தார். எதிரே அந்த நாட்டு அமைச்சர். அவர் பக்கத்தில் அந்த நாட்டுத் தூதர். முன்னாள் வக்கீல். பாறாங்கல் மாதிரி முகம்.

"தீவு எங்களுது," என்றார் நம் அமைச்சர்.

"எங்களுது," என்றார் அவர்.

இதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது, ஆறிப்போனது, எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நேரமும் நெருங்கியது. அப்போதுதான் நம் தூதர் மைக்கை இழுத்தார்.

"ஐயா, ஒரு பழைய விஷயம் சொல்லட்டுமா?"

"கிளாஸை ஆரம்பிச்சுட்டாருய்யா," என்று முணுமுணுத்தார் அமைச்சர். அவர் மைக்கை அணைக்க மறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"இந்தச் சண்டை புதுசு இல்லைங்க. அந்தக் காலத்துலயே நம்ம ரெண்டு நாட்டு ராஜாக்களும் இதே கிணத்துக்காக அடிச்சுக்கிட்டாங்க. எங்க பக்கம் இருந்தவர் ஒற்றைக்கண் ராஜா. கடைசியில ரெண்டு பேரும் படகேறி அந்தத் தீவுக்கே போய், ஒரே வாளியில தண்ணி சேந்திக் குடிச்சாங்க. 'மண்ணு யாருதுன்னு பேரப்பிள்ளைங்க பேசிக்கட்டும், தண்ணி நம்ம ரெண்டு பேருக்கும்'னு சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. அதையே இன்னிக்கு நாம செஞ்சா விட்டுக்கொடுத்ததா ஆகாது. முன்னோர் வாக்கைக் காப்பாத்தினதா ஆகும்."

எதிர் அமைச்சர் தன் தூதர் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா, இவர் சொல்றது நெசமா? நம்ம பக்கம் அப்படி ஏதாவது இருக்கா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். புரொபசரையே உற்றுப் பார்த்தார். அந்த வக்கீல் 'இல்லை' என்று தலையாட்டினால் போதும், கதை கந்தல்.

"நெசம்தாங்க," என்றார் வக்கீல். "நம்ம பழைய ஏடுகள்லயும் இருக்கு. சொல்லப்போனா, ஒற்றைக்கண் ராஜாவோட ரெண்டாவது சம்சாரம் நம்ம நாட்டுப் பொண்ணு. அந்தம்மா சோறு தண்ணி இல்லாம கிடந்துதான் அந்தச் சமாதானமே நடந்துச்சு."

"அட! அப்போ அவரு நம்ம வீட்டு மாப்பிள்ளையா!" எதிர் அமைச்சருக்கு முகமெல்லாம் பல்.

"சம்பந்தி வீட்டுக்காரங்களை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா மல்லுக்கட்டினோம்?" என்று நம் அமைச்சரும் எழுந்துபோய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்து ஆகிவிட்டது. படகுக்காரர்களைத் திறந்துவிடச் சொல்லி இரண்டு பக்கமும் உத்தரவு பறந்தது. அமைச்சர் கிளம்பும்போது, "வரேன், தூதர் சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

தூதர் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவியில் அதே செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஒலியைக் குறைத்தாள்.

"என்னங்க, உங்க புத்தகம் அத்தனையும் டைப் அடிச்சவ நான். ஒரு கமா விட்டாக்கூட வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்க. அதுல எங்கேயுமே ஒற்றைக்கண் ராஜா வரலையே?"

தூதர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்படிடி வருவாரு? இன்னிக்குக் காலையில பாத்ரூம்ல நான் முகம் கழுவும்போதுதானே அவரு பிறந்தாரு!"

"அடப் பாவி மனுஷா! ஆதாரம் காட்டலைன்னு எத்தனை பசங்களை ஃபெயில் போட்டீங்க!"

"அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் புரியல," என்று தலையைச் சொறிந்தார் தூதர். "காலையில நான் பெத்த ராஜாவுக்கு, மத்தியானத்துக்குள்ள அந்த வக்கீல் எப்படிடி ரெண்டாம் கல்யாணம் பண்ணி வெச்சான்?"