மாஸ்க்கைக் கழற்றாத சம்பந்தி

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம உட்கார்ந்திருங்க. பொண்ணு கல்யாணம் தானா முடிஞ்சிடும்," என்றாள் பீ-சியா.

"பொண்ணோட அப்பன் ஊமைன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" ஜின்-ஃபா கண்ணாடி முன் நின்று ஈயென்று பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டார்.

லாரி ஓட்டுகிற மனுஷன். தைவானின் தெற்குக் கோடியான பிங்டுங்கிலிருந்து வடக்கே தாய்பே வரைக்கும் தூங்காமல் ஓட்டுவதற்காகப் போட ஆரம்பித்த பாக்கு, பல்லையெல்லாம் செங்கல் நிறமாக்கிவிட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது. மகள் யீ-ஜென் காதலிக்கிற பையனுடைய அப்பா தைனானில் பெரிய பல் டாக்டர் என்று தெரிந்த அன்றைக்குத்தான் கண்ணாடியைத் தேடினார்.

மருந்துக்கடையில் இருந்த வெள்ளைப்பல் பேஸ்ட் ஒன்றையும் விடவில்லை. விடிந்ததும் நுரை தள்ளத் தள்ளத் தேய்ப்பார். லாரியில் ஏறியதும் பழக்கதோஷம், ஒரு பாக்கை வாயில் அதக்கிக்கொள்வார்.

"அண்ணே, மேலே படிஞ்ச கறையைத்தான் பேஸ்ட்டு எடுக்கும். நீங்க வீட்டைக் கூட்டிட்டு, நடுக்கூடத்துலயே குப்பையைக் கொட்டுறீங்களே!" என்று கடைக்காரப் பெண்ணே சிரித்தாள்.

"பல்லு வெளுக்கலை. வாஷ்பேசின்தான் பளபளன்னு ஆயிடுச்சு," என்று பீ-சியா தன் பங்குக்குச் சொன்னாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் மாப்பிள்ளை போ-யூ இறங்கினான். அடுத்து அவன் அம்மா. கடைசியாக டாக்டர் ஹுங், கோட்டும் சூட்டும் மாஸ்க்குமாக.

"கொஞ்சம் சளி," என்று மாஸ்க்குக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. அன்னாசித் துண்டுகளை நீட்டினால் கையை ஆட்டினார். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

'லாரிக்காரன் வீட்டுக் காத்துகூட ஆகாதோ?' ஜின்-ஃபா உதட்டை இறுக மூடிக்கொண்டு பொருமினார்.

சிவப்பு கவுனில் யீ-ஜென் தட்டோடு வந்தாள். இனிப்பு டீ. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அதை வாங்கிக் குடித்தால்தான் பெண்ணை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

மாமியார் குடித்தாள். தட்டு டாக்டரிடம் போனது.

"அப்புறமா குடிக்கிறேம்மா," என்றார் டாக்டர்.

யீ-ஜென் தட்டை நீட்டியபடியே நின்றாள். போ-யூ, "அப்பா, ப்ளீஸ்," என்று கெஞ்சினான். டாக்டர் தரையைப் பார்த்தார்.

மகள் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்ததும் ஜின்-ஃபாவுக்குப் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தார். பீ-சியா சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"டாக்டர் சார்! ஆமா, நான் பாக்குப் போடுறவன்தான். பாத்துக்குங்க, நல்லாப் பாத்துக்குங்க!" வாயை அகலத் திறந்து காட்டினார். "லாரிக்காரன் சம்பந்தம் வேண்டாம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. என் பொண்ணு என்ன பாவம் பண்ணா? அவ பல்லு அத்தனையும் முத்து. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க!"

பீ-சியா தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

டாக்டர் மெல்ல எழுந்தார். தன் மனைவியைப் பயத்தோடு ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கழற்றினார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, யீ-ஜென்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்பல்லிலிருந்து கடைவாய் வரைக்கும் செக்கச்செவேல்!

"இதுக்குத்தானே வாயைத் திறக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!" என்று டாக்டரின் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பீ-சியா குபீரென்று சிரித்துவிட்டாள்.

"மன்னிச்சிடும்மா," என்றார் டாக்டர். "பட்டாளத்துல தொத்திக்கிட்ட பழக்கம். கிளினிக்குல நாள் முழுக்க மாஸ்க்கு, ஒருத்தருக்கும் தெரியாது. ஊரார் பல்லைச் சுத்தம் பண்றேன், என் பல்லை நானே எப்படிம்மா பண்ணிக்கிறது? இன்னொரு டாக்டர்கிட்ட போய் வாயைத் திறக்க வெட்கம். பல் டாக்டருக்கே இப்படிப் பல்லான்னு நீங்கள்லாம் சிரிச்சிடுவீங்களோன்னு..."

"பேஸ்ட்டு போட்டுப் பாக்கலையா சம்பந்தி?" ஜின்-ஃபாவுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"கடையில இருக்கிற எல்லாத்தையும் போட்டாச்சு. பாக்கை விடாம எந்தப் பேஸ்ட்டும் வேலைக்காகாதுன்னு தினமும் நாலு பேருக்கு நானேதான் சொல்றேன்."

பெண்கள் கல்யாணத் தேதி பார்க்க உள்ளே போனார்கள். டாக்டர் நாற்காலியை ஜின்-ஃபா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோரம் குனிந்தார்.

"சம்பந்தி, காலையிலேர்ந்து ஒரே படபடப்பு. உங்க சட்டைப் பையில ஒண்ணு கிடைக்குமா?"