குட்டிக்கு வயிறு சரியில்லை

"குட்டிக்கு வயிறு சரியில்லை" என்று பெயின்ட் கடைக்காரர் மனைவிக்குப் போன் செய்து சொன்னது பச்சைப் பொய்.

நாய்க்குட்டி அவர் காலடியில்தான் இருந்தது. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து அவர் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

மனுஷர் வேறு என்ன செய்வார்? கடைக்கு வந்தவர்கள் எதிரே, "இவளுக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்துத் தொலைத்தார். அன்றைக்கே மனைவி பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. போன் செய்தால், "குட்டி நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

அதனால்தான் குட்டியின் வயிற்றைக் கெடுத்தார். வெறும் வாயாலேயே.

"இளகிப் போகுதா, தண்ணியாவே போகுதா?"

"இளகித்தான்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"மஞ்சள்னா?"

வீட்டு மேஜைமேல் கிடந்த பெயின்ட் ஷேட் கார்டை அவசரமாகப் பிரித்தார். "சந்தனத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவுல."

"விளையாடுதா? தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது."

"அப்பப் பயமில்லை. பால் மட்டும் குடுக்காதீங்க. சோத்தைக் குழைய வேகவெச்சுக் கொஞ்சமாக் குடுங்க. நாளைக்கு எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க."

நாளைக்கு! கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் பாசிப்பச்சை. அதற்கடுத்த நாள் காவி. பேச்சு நீண்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" வரைக்கும் வந்துவிட்டது. அவள் மட்டும் வந்தபாடில்லை.

ஒருநாள் அவளே சொன்னாள்: "ஒண்ணு நல்லாக் கவனிங்க. தார் மாதிரி கறுப்பாப் போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தாலும் ஆபத்துதான். அப்புறம் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது."

"அப்படி ஆனா நீ வருவியா?"

"வராம?"

மறுநாள் விடிந்ததுமே கறுப்பாகிவிட்டது.

பையோடு வந்து இறங்கினாள். குட்டி நாலுகால் பாய்ச்சலில் ஓடிவந்தது. அவளை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு வாசலிலேயே உட்கார்ந்து, கெட்டியாக, நல்ல பழுப்பு நிறத்தில், யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி ஒன்று போட்டது.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குட்டியை வாரி எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த நாய் டாக்டரிடம் ஓடினார். காலில் விழாத குறை.

"சார், நீங்கதான் காப்பாத்தணும். வீட்டுல கேட்டா, குட்டிக்கு இத்தனை நாளா வயிறு மோசமாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. நான் விட்டதெல்லாம் புளுகுன்னு தெரிஞ்சா, திரும்பக் கிளம்பிடுவா!"

டாக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க போன் பண்ணின முதல் நாளே, நீங்க கடைக்குப் போன நேரம் பார்த்து, குட்டியைத் தூக்கிட்டு இங்கதான் ஓடி வந்தாங்க. 'இதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா'ன்னு சொல்லி அனுப்பினேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"முந்தாநாள் மறுபடி வந்தாங்க. குட்டி இல்லாம, தனியா. 'எந்த நிறத்துல போச்சுன்னா நான் உடனே கிளம்பி வீட்டுக்கு வந்துடலாம், டாக்டர்?'னு கேட்டுக்கிட்டுப் போனாங்க."